குடும்பப் பெயர்: கோணேஸ்வரன்

அமெரிக்கக் கடவுச்சீட்டில் 'பிறந்த இடம்' என்ற வரியில் திருகோணமலை இருக்காது. வேறு நாட்டில் பிறந்து பிரசாவுரிமை பெற்றவருக்கு அந்த வரியில் பொதுவாக நாட்டின் பெயரை மட்டுமே அச்சிடுகிறார்கள். உப்புவெளியில் பிறந்தவரும் காலியில் பிறந்தவரும் அங்கே ஒன்றுதான். இலங்கைக் கடவுச்சீட்டில் ஊர்ப் பெயர் இருக்கும். ஆகவே புதியது கைக்கு வந்தவுடன் பழையதை அலுமாரிக்கு அடியில் போட்டு மறந்துவிடாதீர்கள். காலாவதியானாலும் ஊரைச் சொல்லும் கடதாசி அதுவும் பிறப்புப் பத்திரமும்தான்.

"மகன் சிற்றிசன் எடுக்கப் போறான், இஞ்சயிருந்து என்ன அனுப்ப வேணும்?" என்று கேட்கும் தாய்தகப்பன்மார் இப்போது திருகோணமலையில் நிறையப் பேர். வாய் கேட்பது பத்திரத்தைப் பற்றி. மனதில் கிடப்பது, இனி அவன் எங்கட ஆளா, அமெரிக்கனா என்ற கேள்வி. இரண்டுக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதுகிறேன். அந்த நாட்டுச் சட்டம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்று விளங்கினால் பாதிப் பயம் போய்விடும். மீதிக்கு வீட்டில் வேலை இருக்கிறது, அந்த வேலைக்குக் காலக்கெடுவும் இருக்கிறது.

அமெரிக்கராவதற்கு இன்ன இனத்தில் பிறந்திருக்க வேண்டுமா என்பது அந்த நாட்டிலேயே நெடுங்காலம் வழக்காடப்பட்ட விஷயம். 1790 ஆம் ஆண்டின் முதல் சட்டம் அடிமையல்லாத வெள்ளையருக்கு மட்டுமே பிரசாவுரிமை கொடுத்தது. 1868 இல் வந்த அரசியலமைப்பின் 14 ஆவது திருத்தம், அந்த மண்ணில் பிறந்தவர் பிரசை என்றது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வொங் கிம் ஆர்க்கின் வழக்கில் 1898 இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வெளியிலிருந்து வந்தவர்களின் நிலை வேறு. முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்த பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் 'வெள்ளையர்' அல்ல என்று 1923 இல் அதே நீதிமன்றம் தீர்த்தது. இந்தியர்களுக்கு 1946 இல் வழி திறந்தது. பிரசையாவதற்கு இனம் தடையில்லை என்று எல்லோருக்கும் ஆனது 1952 இல். பிறந்த நாட்டைப் பார்த்துப் பங்கு பிரித்த பழைய ஒதுக்கீட்டு முறையை 1965 ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. ஆசியாவிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இந்த ஆண்டுகளை நம்முடைய வரலாற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று சான்று கேட்டது. பத்திரம் காட்ட முடியாத மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்து, 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. பாட்டனுக்குப் பத்திரம் கேட்கும் சட்டம் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று அமெரிக்கப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிப்பவரிடம் பாட்டனைப் பற்றிக் கேட்பதில்லை. அந்த ஒன்றுக்காகவே அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கும் காற்று ஒரே பக்கம் வீசுவதில்லை. தற்காலிக விசாவில் இருப்போரின் பிள்ளைகளுக்குப் பிறப்புவழிப் பிரசாவுரிமை இல்லை என்று 2025 ஜனவரி 20 இல் ஜனாதிபதி உத்தரவு ஒன்று வந்து, நீதிமன்றங்களுக்குப் போனது. அப்படியான விசாவில் இருக்கும்போது பிள்ளை பிறந்தால், பிறப்புச் சான்றிதழோடு அந்த நாளில் உங்களிடம் இருந்த விசா, அமெரிக்காவுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 பதிவு இரண்டின் பிரதியையும் ஒரே உறையில் வைத்துவிடுங்கள்.

இனி நடைமுறை. பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தின் பெயர் என்-400. கிறீன் கார்ட் என்ற நிரந்தர வதிவு அட்டை கிடைத்து 5 ஆண்டு ஆக வேண்டும், அமெரிக்கப் பிரசையை மணந்து அவரோடு வாழ்பவருக்கு 3 ஆண்டு. அந்த நாளுக்கு 90 நாள் முன்பாகவே அனுப்பலாம். கட்டணம் ஒன்லைனில் 710 டொலர், கடதாசியில் 760. 5 ஆண்டுக்காரர் 30 மாதமும் 3 ஆண்டுக்காரர் 18 மாதமும் அமெரிக்க மண்ணில் நின்றிருக்க வேண்டும். நம்மவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். தாய்க்குச் சுகமில்லை என்று வந்து, 31 ஆம் நாள் கிரியை முடியட்டும், காணி அலுவல் முடியட்டும் என்று ஒரே பயணத்தில் 6 மாதம் தாண்டி நின்றுவிட்டால், தொடர்ச்சியான வதிவு முறிந்ததாகவே எடுத்துக்கொண்டு பேசுவார்கள். வேலை, வீட்டு வாடகை, வரி எல்லாம் அங்கேதான் இருந்தன என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. ஒரு வருடம் நின்றால் காட்டியும் பயனில்லை, கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் ஒருமுறை போய் வருவதற்கான டிக்கெட் காசு, திரும்ப ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதை விட மலிவு.

2025 ஒக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குக் குடியியல் தேர்வு மாறிவிட்டது. 128 கேள்விகளிலிருந்து 20 கேட்பார்கள், 12 சரியாக இருந்தால் போதும். பழைய முறையில் 100 இலிருந்து 10, சரி 6. அதோடு ஆங்கிலத்தில் ஒரு வசனம் வாசித்து ஒரு வசனம் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. வயது 50 ஆகி கிறீன் கார்டில் 20 ஆண்டு கழிந்தவர்க்கும், 55 ஆகி 15 ஆண்டு கழிந்தவர்க்கும் ஆங்கிலம் வேண்டாம், கேள்விகளைத் தமிழில் எடுக்கலாம். 65 வயதும் 20 ஆண்டும் ஆனவருக்குப் படிக்க வேண்டியது 20 கேள்விகள் மட்டும்.

மொழிபெயர்ப்பாளரை நீங்களேதான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் சென்னைக்காரராக இருந்தால் முதல் நாளே ஒரு மணிநேரம் உட்கார்ந்து கதைத்துப் பழகிக்கொள்ளுங்கள். அவர் 'குடியரசுத் தலைவர்' என்பார், நம் முதியவர்களுக்கு வாயில் வருவது ஜனாதிபதி. அவர் 'மேலவை' என்றால் அம்மா முழிப்பார். செனற் சபை என்றால் உடனே பிடித்துக்கொள்வார். 1971 வரை இலங்கையிலும் செனற் சபை இருந்ததல்லவா. விடை தெரிந்திருந்தும் சொல் தெரியாமல் ஒரு கேள்வியை இழப்பது வீண்.

இங்கேயிருந்து அனுப்பும் பத்திரங்கள் பெரும்பாலும் அதற்கு முந்திய கட்டத்துக்கு, அதாவது விசாவுக்கும் கிறீன் கார்டுக்கும் தேவைப்படுபவை. 1990 போரிலும் 2004 சுனாமியிலும் வீட்டுப் பெட்டியோடு போன பத்திரங்கள் எத்தனையோ. ஆனால் போனது உங்கள் பிரதி; பதிவு புத்தகத்தில் இருக்கலாம். பிறப்புப் பதிவான பிரதேசத்துக்குரிய செயலகத்தில், பட்டினத்தவர்களுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில், பதிவுப் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பதிவிலக்கம் தெரியாவிட்டால் தேடும் காலப்பகுதியைக் குறித்துக் கொடுக்க வேண்டும். பதிவே இல்லை என்றால் 'இல்லை' என்ற எழுத்துமூலச் சான்றை வாங்கி, பிறப்பை நேரில் அறிந்த இரண்டு பெரியவர்களின் சத்தியக்கடதாசியையும் சேர்த்து அனுப்பலாம். தமிழில் உள்ள பத்திரத்தை ஆங்கிலமாக்கும்போது முத்திரை, ஓரக்குறிப்பு, 'இனம்: இலங்கைத் தமிழர்' என்ற வரி உட்பட ஒன்றும் விடாமல் பெயர்க்க வேண்டும். மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, தனக்கு இரு மொழியும் தெரியும் என்று பெயர்த்தவர் கீழே கையெழுத்திட வேண்டும். வேண்டாத வரி என்று ஒரு வரியை விட்ட மொழிபெயர்ப்பு திரும்பி வரும்.

கடைசிப் படி சத்தியப் பிரமாணம். கிறீன் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, வலது கையை உயர்த்தச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 140 சொற்கள். இதுவரை பிரசையாக இருந்த அரசின் மீதான விசுவாசத்தை முற்றாகத் துறக்கிறேன் என்பது அதில் வருகிறது. அரசியலமைப்பைக் காப்பேன், சட்டம் கேட்டால் ஆயுதமும் ஏந்துவேன் என்பது வருகிறது. பெற்றோர் இந்தச் சொற்களை ஒருமுறை ஆறுதலாக வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். துறக்கச் சொல்வது அரசின் மீதான விசுவாசத்தை. வீட்டில் கதைக்கும் மொழி, கும்பிடும் கோயில், அப்பப்பாவின் பெயர் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. அவை போனால் வேறு வழியால்தான் போகும்.

நம் ஊர்க்காரருக்கு அமெரிக்கர் என்றால் யார் என்று புத்தகம் சொல்லித் தரவில்லை. புனித சூசையப்பர் கல்லூரியில் படித்த தலைமுறைக்கு அமெரிக்க இயேசு சபைத் துறவிகளைத் தெரியும். லூசியானாவில் பிறந்த யூஜின் ஜோன் ஹேபர்ட் அடிகளார் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். 1990 ஆகஸ்ட் 15 இல் மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமல் ஆக்கப்பட்டார். அவரைத் தெரிந்தவர்கள் இன்றும் 'எங்கட சுவாமி' என்றுதான் சொல்கிறார்கள். ஒருவர் இரண்டு இடத்துக்கும் உரியவராக இருக்கலாம் என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டுமா?

பெயருக்கு வருகிறேன். அதிகம் பிழைக்கும் இடமும், கொஞ்சம் யோசித்தால் அதிகம் காப்பாற்றக்கூடிய இடமும் இதுதான்.

தகப்பன் கோணேஸ்வரன், மகன் ரமணன் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அவன் கோ. ரமணன். குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மிடம் இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை தகப்பன் பெயர் முன்னால் வந்து நிற்கும், அவ்வளவுதான். அமெரிக்கப் படிவத்திலோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி உண்டு, இரண்டிலும் ஏதாவது இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் இரண்டு பெயரும் ஒரே பெட்டிக்குள் விழுந்திருந்தால், விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் வங்கிக்கும் சம்பளப் பட்டியலுக்கும் அதுவே போய் ஒட்டிக்கொள்ளும். தாய்தகப்பன் நாள் பார்த்து வைத்த பெயர் இருந்த இடத்தில் மூன்று எழுத்து! ஆகவே கடவுச்சீட்டு எடுக்கும்போதே இரண்டு பெட்டியையும் பிரித்து நிரப்புங்கள். ஏற்கெனவே பிழைத்திருந்தால் என்-400 இலேயே பெயர் மாற்றம் கேட்கலாம், தனிக் கட்டணம் இல்லை. அதற்கு நீதிமன்றத்தில் நடக்கும் பிரமாண நிகழ்வு வேண்டும், அதனால் சில இடங்களில் காத்திருப்பு நீளும். பெயர் மாறினால், இங்கே காணி உறுதியில் உள்ள பெயரும் புதிய பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து உறுதியோடு வைத்துவிடுங்கள்.

அடுத்தது பேரப்பிள்ளை. அமெரிக்க மருத்துவமனையில் பிள்ளை பிறந்து ஓரிரு நாளில் பிறப்புப் பதிவுப் படிவத்தை நீட்டுவார்கள். தாய் களைத்துக் கிடப்பாள், தகப்பன் தூக்கமில்லாமல் இருப்பான். குடும்பப் பெயர் என்ற பெட்டியில் ரமணன் என்று எழுதினால் ஊர் வழக்கு. ஆனால் தகப்பனின் கடைசிப் பெயர் கோணேஸ்வரன், பிள்ளையுடையது ரமணன் என்று ஆகும். பள்ளிக்கூடத்திலும் விமான நிலையத்திலும் உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் காவிக்கொண்டு திரிய வேண்டும். கோணேஸ்வரன் என்று எழுதினால் அந்தப் பெயர் அதோடு உறைந்து, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் போகும். இரண்டும் சட்டப்படி சரி. இதை வளைகாப்புக்கு முன்பே இரு வீட்டாரும் கதைத்து முடிவு செய்யுங்கள்.

என் கட்சி உறையவைப்பதுதான், அதுவும் ஊர் இருக்கும் பெயராக இருந்தால். கோணேஸ்வரன், கோணேஸ்வரி, கோணேசன், கோணாமலை என்று நம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பெயர் இருப்பது சுவாமிமலையில் இருக்கும் கோணேசரால். 1622 இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். பெயரை இடிக்க முடியவில்லை, அது மனிதர்மேல் இருந்தது. ஒஹாயோவில் வகுப்பாசிரியர் இடாப்புக் கூப்பிடும்போது ஒரு சின்னப்பெண் 'கோணேஸ்வரன்' என்ற பெயருக்கு 'இருக்கிறேன்' என்று சொன்னால், கடவுச்சீட்டு அச்சிடாமல் விட்ட ஊர் அங்கே சொல்லப்பட்டுவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. ஒரே தகப்பனின் பெயரை ஒரு பதிவாளர் கே எழுத்திலும் இன்னொருவர் சி எழுத்திலும் தொடங்கியிருப்பார்; ஒருவர் வீ போட்டிருப்பார், மற்றவர் டபிள்யூ. அண்ணன் தம்பியை அமெரிக்காவுக்கு அழைக்க ஐ-130 மனுப் போடும்போது இரண்டு பிறப்புப் பத்திரத்திலும் தகப்பன் ஒருவரே என்று காட்ட வேண்டும். சகோதர மனு பத்தாண்டுக்கு மேல் இழுபடும் விஷயம். அதன் கடைசியில் ஒரு எழுத்தால் நின்றுவிடக் கூடாது. தாய்தகப்பன் உயிரோடு இருக்கும்போதே இதைச் சீர்செய்யுங்கள்.

இனப் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவின் 2020 குடிசன மதிப்பில் இந்தியர், சீனர், பிலிப்பினோ போன்றோருக்கு அச்சிட்ட கட்டம் இருந்தது, நமக்கு இல்லை. 'வேறு ஆசியர்' என்பதில் கோடிட்டு, பக்கத்தில் கையால் எழுத வேண்டும். சோம்பலில் இந்தியர் கட்டத்தில் கோடு போட்டுவிட்டால் நாம் எண்ணப்படாமல் போவோம்.

இலங்கைப் பக்கத்தில் சட்டம் கடுமை. நீங்களாக விரும்பி வேறு பிரசாவுரிமை எடுத்தால் இலங்கைப் பிரசாவுரிமை தானாகவே அற்றுப்போகும். 1987 திருத்தம் இரட்டைப் பிரசாவுரிமைக்கு வழி விட்டது. பிரமாணத்துக்கு முன்பு விண்ணப்பித்தால் வைத்துக்கொள்வது, பின்பு என்றால் மீளப் பெறுவது. இரண்டும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கூடாக. 55 வயது கடந்தவர், தொழிற்தகைமை உள்ளவர், இங்கே சொத்து அல்லது வைப்பு உள்ளவர் என்று வகைகள் உண்டு. காணிக்காகவாவது இதை யோசியுங்கள்: 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது, இரட்டைப் பிரசைக்கு அந்தத் தடை இல்லை. இங்கே நிலையான வைப்புப் போட்டவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒருநாளாவது 10,000 டொலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையை அமெரிக்க அரசுக்குக் கொடுக்க வேண்டும். வரி வராவிட்டாலும் அறிக்கை கட்டாயம், தண்டம் பெரிது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவழி இலங்கைப் பிரசாவுரிமை வேண்டுமென்றால், பெற்றோரில் ஒருவராவது இலங்கைப் பிரசையாக இருக்கும்போதே பிறந்திருக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். பிந்தினால் தண்டமும் விளக்கமும்.

மொழி பெரும்பாலும் முன்பள்ளி தொடங்கும் வயதில்தான் கைநழுவும். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கும், தாயும் அறியாமல் ஆங்கிலத்துக்கு மாறுவாள். ஒரு ஆளை நியமிப்பதுதான் மருந்து: அம்மம்மாவோடு தமிழில் மட்டும். நியூயோர்க்கில் குளிர்காலத்துச் சனிக்கிழமை காலை 9.30 என்றால் திருகோணமலையில் இரவு 8 மணி, விளக்கு வைத்துச் சாப்பிட்டு முடித்த நேரம். அந்த அழைப்பில் உறவுமுறையைப் பழக்குங்கள். ஆங்கிலத்தில் எல்லோரும் 'அங்கிள்'. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று பிரித்துக் கூப்பிடத் தெரிந்த பிள்ளைக்கு, யாருடைய பிள்ளை தனக்கு அண்ணன், யாருடைய பிள்ளை மச்சான் என்று தானாகவே விளங்கும். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் 'யன்னல்', 'கதைத்தேன்' என்று எழுதியதை ஆசிரியர் பிழை போட்டால் சண்டைக்குப் போகாமல், இது ஈழத்து வழக்கு என்று அமைதியாகச் சொல்லுங்கள். அனேகர் தொண்டாகப் படிப்பிப்பவர்கள், கேட்டுக்கொள்வார்கள். உயர்தரப் பள்ளி முடிவில் இருமொழித் தேர்ச்சி முத்திரை என்று ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் 2011 இல் சட்டமாகிப் பிற மாநிலங்களுக்கும் பரவியது. தமிழ்த் தேர்ச்சியைக் காட்டி அதை வாங்கலாமா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளியில் விசாரியுங்கள்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும்போது பையில் கறிவேப்பிலை கொண்டு போகாதீர்கள். எலுமிச்சை, தோடை மரங்களைக் கொல்லும் நோயைக் காவும் பூச்சி அந்த இலையில் வாழும், அதனால் தடை. கறித்தூள் கொண்டுபோகலாம், சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். அங்கேயே வறுப்பதென்றால் செத்தல் மிளகாய் 500 கிராம், மல்லி 500, பெருஞ்சீரகம் 100, நற்சீரகம் 50, மிளகு 50, வெந்தயம் 25, மஞ்சள் 25. ஒவ்வொன்றும் தனித்தனியே, மெல்லிய சூட்டில். வெந்தயம் கறுத்தால் முழுத்தூளும் கைக்கும். மிளகாயை மட்டும் வெளியில் வைத்து வறுங்கள்; உள்ளே வறுத்தால் புகை எச்சரிக்கை மணி அடித்து அடுக்குமாடி முழுவதும் கீழே இறங்கி நிற்கும்.

இறுதியாக, யாரும் கதைக்க விரும்பாத அலுவல். அங்கே தகனம் செய்து சாம்பலை இங்கே கொண்டுவருபவர்கள் உலோகக் கலசத்தைத் தவிர்த்து மரமோ பிளாஸ்டிக்கோ எடுக்க வேண்டும். எக்ஸ்ரே உள்ளே ஊடுருவாவிட்டால் அனுமதிக்க மாட்டார்கள், திறந்து பார்க்கவும் மாட்டார்கள். தகனச் சான்றிதழும் மரணச் சான்றிதழும் கைப்பையில் இருக்கட்டும். அமெரிக்கக் கடவுச்சீட்டில் வருபவர் இலங்கைக்குள் வரப் பயண அனுமதி வேண்டும், அதை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. கிரியையைக் கன்னியா வெந்நீரூற்றில் செய்வதா கடற்கரையில் செய்வதா என்று குருக்களோடு முன்பே கதைத்து நாளைக் குறியுங்கள். கிரியையில் அவர் அப்பா, அப்பப்பா, பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்பார், தாய்வழியிலும் கேட்பார். அங்கே பிறந்த பேரன் அந்த இடத்தில் தடுமாறி நிற்கக் கூடாது. பெயர்களைத் தமிழில் பெரிதாக எழுதி, உச்சரிப்பைப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் எழுதி, அவனுடைய கடவுச்சீட்டுக்குள் மடித்து வையுங்கள். அவற்றில் ஒரு பெயர் அந்தக் கடவுச்சீட்டிலேயே அச்சாகி இருக்கும்.